எடுக்கிறவள் உயரம்

காடை வளர்க்கலாம் என்று யோகராஜ் பேச்செடுத்தபோது சுதாராணி தோசைக்கல்லில் தேங்காய் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. வேறொரு சமயமாக இருந்தால் கரண்டியோடுதான் திரும்பியிருப்பாள். முயல் வளர்க்கலாம் என்று அவர் ஆசைப்பட்டபோது அப்படித்தான் திரும்பினாள். காளான் போடலாம் என்றபோதும், தேனீப் பெட்டி வைக்கலாம் என்றபோதும் கரண்டிக்கு வேலை இருந்தது. அந்தத் திட்டங்களில் ஒன்றுகூட அடுப்படியைத் தாண்டி வெளியே போனதில்லை. இந்த முறை அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள், அதன் ஓரத்தைக் கரண்டியால் அமுக்கினாள், "சரிங்க, செய்யுங்க" என்றாள்.

யோகராஜ் பிளேன்டீ டம்ளரைக் கையில் வைத்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கண்ணைப் பார்த்திருப்பார். புகை பட்டுவிட்டது என்று சமாளித்திருக்கலாம்தான். ஆனால் அந்த வீட்டுக்குக் காஸ் அடுப்பு வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது.

பேத்துப்பாறையில் அவர்கள் வீடு இருக்கிற சரிவில் சுதாராணியின் வாய்க்குத் தனிப் பெயர் உண்டு. காலையில் கொடைக்கானல் பஸ்ஸின் ஹாரன் கேட்பதற்கு முன்னால் அவள் குரல் கேட்டுவிடும். கெட்ட வார்த்தை பேசமாட்டாள், சாபம் விடமாட்டாள், அடுத்த வீட்டு வம்புக்குப் போகமாட்டாள். புருஷனை ஏசுவாள், அவ்வளவுதான். அதையும் மரியாதை குறையாமல் ஏசுவாள். "ஒங்க கழுத்துக்கு மேல இருக்குறது தலையாங்க, முட்டக்கோசாங்க?" என்று அவள் கேட்டால் கீழ்வீட்டு ராக்கம்மா தன் வாசலில் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பாள். யோகராஜ் ஒரு வார்த்தை பதில் பேசமாட்டார். அவருக்கு அது வெயில் காய்கிற மாதிரி. அந்தக் குளிரில் வெயில் காய்வதை யார் வேண்டாம் என்பார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டதே ஏச்சில்தான். இரண்டு குடும்பமும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டு வரிசையில் குடியேறினார்கள். யோகராஜ் அங்கே கவ்வாத்துக்குப் போகிற இளவட்டம். வளர்ந்துபோன தேயிலைச் செடியை வெட்டித் தணிக்கிற வேலைதான் கவ்வாத்து. ஆண்கள் செய்வது. அதில் ஒரு முறை இருக்கிறது. வெட்டுகிறவன் தன் உயரத்தைப் பார்க்கக்கூடாது. நாளைக்குக் கூடையோடு வந்து கொழுந்து எடுக்கப் போகிற பெண்ணின் இடுப்புக்குச் செடி நிற்க வேண்டும். அளவு பார்ப்பதற்கு மட்டக்கம்பு என்று ஒரு குச்சி வைத்திருப்பார்கள். யோகராஜ் நல்ல நெட்டை. அத்தோடு சோம்பேறித்தனமும் சேர்ந்துகொண்டதால் மட்டக்கம்பை எங்கேயோ எறிந்துவிட்டுத் தன் இடுப்பையே அளவாக வைத்து ஒரு நிரை முழுக்க வெட்டிப் போட்டார். செடி தளிர்த்து வந்தபோது அந்த நிரை, கூட்டத்திலேயே குள்ளமான சுதாராணிக்கு விழுந்தது. நெஞ்சு உயரத்துச் செடியில் கையைத் தூக்கித் தூக்கிப் பறித்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், கங்காணியிலிருந்து பிள்ளைக்காரிகள் வரை அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நெரைய எவன்டா வெட்டுனது? ஒட்டகத்துக்கா வெட்டுன? நீயா வந்து கொழுந்து எடுக்கப் போற? எடுக்கப் போறவ ஒசரத்துக்கு வெட்டுடா."

அதற்குப் பிறகு யோகராஜ் மட்டக்கம்பைக் கையைவிட்டுக் கீழே வைத்ததில்லை என்று லயத்தில் கேலி பேசினார்கள். அடுத்த கவ்வாத்துக்குள் கல்யாணமும் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு 'டா' போய் 'ங்க' வந்ததே தவிர ஏச்சு நிற்கவில்லை. எஸ்டேட் வேலை படுத்தபோது சொந்தக்காரர் ஒருவரை நம்பிப் பேத்துப்பாறைக்கு வந்து, காரட் காட்டிலும் பீன்ஸ் காட்டிலும் கூலிக்குப் போய், இந்தச் சரிவில் ஒரு ஓட்டுவீடு கட்டி, பழனிக்குமார் என்ற ஒரே மகனை வளர்த்துத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு அனுப்பியது வரை அவள் ஏசிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பேர்ப்பட்டவள் 'சரிங்க' என்று சொன்னாள் என்றால் அதற்குக் காரணம் மதுரையில் இருந்தது. யோகராஜுக்கு வயிற்றுவலி வந்து, சோறு செல்லாமல், ஆளே பாதியாகிப் போனார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவரை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு, அவளையும் மகனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, கத்தி வைத்துப் பிரயோசனமில்லை என்றார். வலி தெரியாமல் இருக்க மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பிரியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் நல்ல மனுஷர்தான், மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன.

வெளியே வருவதற்குள் சுதாராணி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். குடல்புண்ணாம், காரம் ஆகாதாம், மாத்திரை போட்டால் ஆறிவிடுமாம் என்றாள். பழனிக்குமார் பக்கத்தில் நின்று தலையாட்டினான். "அம்புட்டுத்தானா, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று யோகராஜ் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலையேறும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அந்த வளைவுகளில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாது. இருக்கிற நாளைக் கவலையில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும். இனிமேல் அவரை ஒரு சொல் ஏசுவதில்லை. பழனி மலை முருகன் மேல் சத்தியமாக ஏசுவதில்லை.

காடையும் அதில் சேர்ந்ததுதான். முயலைப் போல இதையும் கரண்டியால் விரட்டியிருக்கலாம். ஆனால் மனுஷன் நாளைக்கு என்று ஒன்றை நினைத்துக் கூண்டு கட்ட ஆசைப்படுகிறாரே, அந்த நாளை அவள் எதற்குப் பிடுங்க வேண்டும்.

யோகராஜ் சும்மா இருக்கவில்லை. காய்கறி லாரி ஓட்டுகிற முருகானந்தத்தோடு ஒருநாள் ஒட்டன்சத்திரம் வரை போய், அங்கே காடை வளர்க்கிற ஒருவரின் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அதே பேச்சு. காடைக்கு உயரமான கூண்டு ஆகாதாம். பயந்துவிட்டால் நேரே மேலே எம்பிப் பாயுமாம், இடம் இருந்தால் வேகம் பிடித்து மேல் கம்பியில் மண்டையை மோதிச் செத்துப்போகுமாம். அதனால் கூண்டின் முகட்டை ஒரு சாண் உயரத்தில் தட்டி வைக்க வேண்டும். தரையைச் சற்றுச் சாய்வாகப் போட்டால் முட்டை உருண்டு தானே முன்பக்கம் வந்து நிற்கும், கையை விட்டுத் துழாவ வேண்டாம். கூண்டின் கால்களைத் தண்ணீர் டப்பாவுக்குள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. முட்டை போட ஆரம்பித்தால் கொடைக்கானல் ஓட்டல்காரர்களே தேடி வந்து வாங்குவார்கள். குஞ்சாக வாங்கினால் நம்ம குளிருக்குத் தாங்காது, கொஞ்சம் வளர்ந்ததாக வாங்கி முதலில் பல்புச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுத் தட்டில் கை காய்ந்துபோகிற வரை பேசுவார். சுதாராணி எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினாள். பேசப் பேச இரண்டு வாய் சோறு கூடுதலாக உள்ளே போனதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் சவ்சவ் பந்தலுக்கும் பட்டர் ஃப்ரூட் மரத்துக்கும் நடுவே கொஞ்சம் சமதரை உண்டு. காட்டுமாடு வந்து உரசிவிட்டுப் போகிற இடம். முதலில் அந்தப் பக்கம் வேலியை இறுக்கினார்கள். பிறகு தைலமரக் கம்புகள் நட்டுத் தகரம் போட்டார்கள். அதற்கடியில் கூண்டு வேலை ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அறுப்பார், உட்கார்ந்துவிடுவார். மறுபடி எழுந்து அறுப்பார். சுதாராணி கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கூடவே நின்றாள். காட்டில் வேலை இல்லை என்று ஒரு பொய் சொன்னாள். பூண்டு எடுக்கிற பருவத்தில் வேலை இல்லையாம்; அதையும் அவர் நம்பின மாதிரியே கேட்டுக்கொண்டார்.

வேலைக்கு நடுவில் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்க வைப்பார். "ராணி, இங்க வந்து நில்லு. நேரா நில்லு. கையத் தொங்கவிடு." ஒரு குச்சியை அவள் இடுப்பில் சாய்த்து வைத்துக் கத்தியால் அதில் ஒரு கீறல் போடுவார். இன்னொரு நாள் முழங்கையில் வைத்துக் கீறினார். தனியாக நின்று அளவெடுக்கத் தெம்பில்லாமல் தன்னைத் தூணாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்து அவள் அசையாமல் நின்றாள். குச்சியைப் பிடித்திருந்த கையின் எலும்பு பார்க்கச் சகிக்கவில்லை. அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒட்டன்சத்திரத்துக்காரர் கொட்டகையில் கூண்டு ஐந்து அடுக்காம். இவர் இரண்டே அடுக்குப் போட்டு, மற்றதையெல்லாம் நீளவாக்கில் இழுத்தார். கீழ் அடுக்கும் தரையோடு இல்லாமல் தொடைக்கு மேலேதான் நின்றது. இடம் வீணாகிறதே என்று அவளுக்குத் தோன்றியது. மேலே தூக்கி அடுக்கத் தெம்பில்லை போல என்று நினைத்து அதையும் விழுங்கிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றப் பெரிய குடம் வேண்டாம் என்று கடையில் ஒரு சின்ன வாளி வாங்கி வந்தார். தீனி மூட்டையைப் பிரித்து வைக்கச் சின்னச் சின்ன டின்கள். பாவம், தூக்க முடியவில்லை. அவள் மனம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காரணத்தையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஏசாமல் இருப்பது சாமானியமான காரியமில்லை. அதுவும் யோகராஜ் மாதிரி ஒரு மனுஷனை. ஒருநாள் ஆணிப் பொட்டலத்தைப் புல்லுக்குள் கொட்டிவிட்டார். கொட்டிவிட்டு, "ஆணியப் பூராம் கொட்டிட்டேன் ராணி" என்று சொல்லி நின்றார். அவள், பரவாயில்லைங்க என்று சொல்லி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இன்னொரு நாள் துரு பிடித்த கையை அவளுடைய வெளுத்த துண்டில் துடைத்தார். கம்பிவலைச் சுருளை மழையில் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் ஏனோ சுருங்கிப்போனது. வலி வந்துவிட்டதோ என்று ஓடிப்போய் மாத்திரை எடுத்து வந்து கொடுத்தாள்.

ராக்கம்மா ஒருநாள் சவ்சவ் கேட்கிற சாக்கில் ஏறி வந்தாள். "என்னாடி, ஒங்க வீட்டுல சத்தத்தையே காணோம். யாருக்கும் மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள். தொண்டை கட்டிக்கொண்டது என்றாள் சுதாராணி. இத்தனை நாளா தொண்டை கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ராக்கம்மா காயை மடியில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

கூண்டு முடிந்த அன்று சாயங்காலம் பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. யோகராஜ் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பார்த்துச் சொல்லு என்று கைகாட்டினார். சுதாராணி குளிருக்குத் தடுப்பாக மாட்ட வேண்டிய சாக்குகளைக் கீழே வைத்துவிட்டு முதல் கூண்டின் கதவைத் திறந்தாள்.

கொண்டி இடது கைப் பக்கம் இருந்தது. அவள் இடதுகைக்காரி. ஊர்க் கதவெல்லாம் வலதுகைக்காரர்களுக்கு என்று செய்திருப்பதால் வாழ்நாளெல்லாம் கை மாற்றி மாற்றித் திறந்து பழகியவள். இது அவள் கைக்குத் தானாக வந்தது. உள்ளே கையை நீட்டினாள். விரல் நுனி பின்பக்கக் கம்பியைத் தொட்டு நின்றது. ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முட்டை உருண்டு வந்து நிற்கிற விளிம்பு சரியாக அவள் இடுப்பில் இருந்தது. மேல் அடுக்குக்குக் கையைத் தூக்கினாள், தோள் உயரவில்லை. கீழ் அடுக்குக்குக் குனியத் தேவைப்படவில்லை. மூட்டுவாதம் பிடித்த அவள் முழங்கால் மடங்கவே வேண்டாம். சின்ன வாளியை எடுத்துப் பார்த்தாள். அவள் கைக்குக் கனமாக இல்லை.

"இதத் தெறந்து காட்டுங்க பாப்போம்" என்றாள். அவர் எழுந்து வந்தார். முகடு அவர் நெஞ்சுக்குக் கீழே நின்றது. கதவைத் திறப்பதற்கு அவர் இரண்டாக மடங்க வேண்டியிருந்தது. மடங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். கூண்டுக் காலின் மேல் அந்தக் குச்சி சாய்ந்து கிடந்தது, அவள் இடுப்பும் முழங்கையும் கத்திக் கீறலாக அதில் இருந்தன. அதைப் பார்த்த நிமிஷத்தில் அவளுக்கு அது என்ன குச்சி என்று தெரிந்துவிட்டது. வால்பாறையை விட்டு வந்த பிறகு அவள் மட்டக்கம்பைக் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை நாளும் பக்கத்திலேயே நின்று இடுப்பைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மடச்சி, வடிகட்டின மடச்சி.

"யாரு ஒசரத்துக்குங்க இதக் கட்டுனீங்க?"

அவர் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "எடுக்கப் போறவ ஒசரத்துக்குத்தான். நீதான சொன்ன."

மஞ்சு தகரத்துக்குள் நுழைந்து இரண்டு பேர் முகத்திலும் ஈரமாக ஒட்டியது. அவள் கூண்டையே பிடித்துக்கொண்டாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். 

"மதுரையில இருந்து வந்த மக்காநாளு டீயத் தட்டிவிட்டேன். ஒன் கூறைச்சீலை மேலயே ஊத்துச்சு. நீ ஏசல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் ஆணியக் கொட்டிப் பாத்தேன், வலைய நனய விட்டுப் பாத்தேன். எதுக்காச்சும் நீ ஏசிட்டன்னா பொழச்சுக்கெடப்பேன்னு ஒரு நப்பாசை." அவர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "கொஞ்சம் ஏசு ராணி. நீ ஏசாம இந்த வீடு எழவு வீடு மாதிரி கெடக்கு. நான் இன்னும் சாகல."

பிரியம் என்று நினைத்து அவள் செய்தது அது. அந்த மனுஷனுக்கு வியாதி இன்னதென்று டாக்டர் சொல்லவில்லை, மகன் சொல்லவில்லை, பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு அத்தனை பேரும் கவனமாக இருந்தார்கள். அவள்தான் வாயை மூடிச் சொல்லியிருக்கிறாள். தினமும், ஒவ்வொரு ஆணியாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொல்லியிருக்கிறாள். அவர் அதையும் வாங்கிக்கொண்டு, தெரியாதவர் மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டு, அவளுக்குக் கூண்டு கட்டியிருக்கிறார். சுதாராணி அழுகைதான் வரும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"ஒங்களுக்கு அறிவு இருக்காங்க? கழுத்துக்கு மேல இருக்குறது என்னாங்க? மண்டையப் போடப் போற மனுசன் மாதிரியா இருந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்துபோகுமா? என்னையத் தனியா விட்டுட்டுப் போறதுக்கு இம்புட்டு அளவா எடுக்குறது? ஒரு விரக்கட பெசகுதா பாருங்க. கவ்வாத்து வெட்டுன காலத்துல இந்தப் புத்தி எங்கங்க போச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாது. அவள் கத்திக்கொண்டே போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டும் ஏசினாள். கீழே ராக்கம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து கேட்டாளாம். "அப்பாடி, தொண்ட சரியாயிருச்சு" என்று தன் மருமகளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாளாம்.

ஏச்சு ஓய்ந்த பிறகு சுதாராணி ஒன்று கேட்டாள். அவர் உயரத்துக்கு ஒரு கூண்டு கட்ட வேண்டும் என்றாள்.

"ஒனக்கு எட்டாதே."

"எட்டாட்டிப் போகுது. எல்லாத்தையும் நீங்க இல்லாத மாதிரியே கட்டி வச்சா எப்பிடிங்க? நீங்களும் இருக்குற மாதிரி ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

அதைக் கட்டினார்கள். இரண்டு அடுக்குக்கும் மேலே, ஓரத்தில், ஒற்றைக் கூண்டு. மற்றதெல்லாம் அளவெடுத்துக் கட்டியது, இது கை போனபடி கட்டியது. ஒரு பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். அவர் பெட்டியில் உட்கார்ந்தபடி சொல்லுவார், அவள் கம்பியைப் பிடித்து முறுக்குவாள். முறுக்கத் தெரியவில்லை என்று அவர் சொன்னால், சொல்லத் தெரியவில்லை என்று அவள் ஏசுவாள். கொண்டியை மட்டும் அவரே எழுந்து நின்று, தன் வலதுகைப் பக்கத்தில் தைத்தார். வலி மருந்துக்கு நடுவே, ஒளிக்க எதுவும் இல்லாமல், அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அழ வேண்டியிருந்தபோது அழுதுகொண்டார்கள். அதற்கும் மறைவு தேடவில்லை.

காடைகள் முருகானந்தத்தின் லாரியில், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் வந்தன. கைக்குள் அடங்குகிற உருண்டை. யோகராஜ் ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சில் ஒரு நிமிஷம் வைத்திருந்து பிறகு உள்ளே விட்டார். மேல்கூண்டில் விடுவதற்கு மட்டும் எழுந்து நின்றார். விட்டதும் ஒன்று விருட்டென்று எம்பி முகட்டில் இடித்து, இடித்த வேகம் போதாமல் கீழே விழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி தீனி பொறுக்கியது. பாத்தியா, நான் சொன்னேனா என்று அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குத் தாங்காது.

முதல் முட்டையைப் பார்க்க அவர் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் கூண்டுக்குச் சாக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டியில் உட்கார்ந்து தைலமரக் கம்பில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்துவிட்டார். சாக்கை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவது என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். பதில் இல்லாதது அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை. மூன்றாவது தடவை, செவிடாயிட்டீங்களா என்று ஏசிக்கொண்டேதான் திரும்பினாள்.

காரியம் முடிந்ததும் பழனிக்குமார் திருப்பூருக்குக் கூப்பிட்டான். வாயில்லாத சீவன்களை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவன் பின்பக்கம் சென்று பார்த்தான். அந்த மேல்கூண்டு அம்மாவுக்கு எட்டாதே, இறக்கிக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று சுத்தியலை எடுத்தான். அன்றைக்கு அவன் வாங்கின ஏச்சை அவன் அப்பாகூட வாங்கியதில்லை. சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

காடைகள் முட்டை போடுகின்றன. புள்ளி புள்ளியாக, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. கொடைக்கானலிலிருந்து ஓட்டல் பையன்கள் பைக்கில் வந்து வாங்கிப்போகிறார்கள். சுதாராணி வெள்ளனே எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூண்டு வரிசை நெடுகிலும் நடக்கிறாள். தோள் உயராமல், கால் மடங்காமல், கொழுந்து எடுக்கிற மாதிரியே எடுத்துக்கொண்டு போகிறாள். கடைசியில் அந்த மேல்கூண்டு வரும். அவர் உட்கார்ந்திருந்த தக்காளிப் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, விரலில் ஊன்றி, இடது கையை முறுக்கி வலதுகைப் பக்கத்துக் கொண்டியைத் திறக்க வேண்டும். அப்போதுதான் அவள் ஏச ஆரம்பிப்பாள்.

"ஒட்டகத்துக்காங்க கட்டுனீங்க? நீங்களா வந்து எடுக்கப் போறீங்க?"

ராக்கம்மா இப்போதெல்லாம் அதைக் கேட்டு வாசலில் நின்று சிரிப்பதில்லை. சத்தம் தொடங்கியதும் வீட்டுக்குள் போய்விடுகிறாள். சுதாராணி ஏசி முடித்துவிட்டுப் பெட்டியின்மேல் கொஞ்ச நேரம் நிற்பாள். யோகராஜ் இருந்த காலத்திலும் ஒருநாள்கூட ஏச்சுக்குப் பதில் பேசினவர் இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பழக்கம்தான். பிறகு முட்டையை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பிடித்து மெதுவாக இறங்குவாள்.